காணியும் கைச்சாத்தும்

வன்னிப் பெருநிலத்தின் கிராமங்களிலே ஒரு தாள் நடமாடி வருகின்றது. ஒரு பக்கத்துக்கு மேற்படாத தாள். "இன்ன எல்லைகளுக்குட்பட்ட எனது காணியிலே கிறவல் அகழ்ந்தெடுப்பதற்கு எனக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை" என்பதே அதன் சாரம். கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், கைச்சாத்து. எழுதத் தெரியாதவராயின் பெருவிரல் அடையாளம். கொண்டுவருபவர் பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்த ஒருவர். மோட்டார் சைக்கிளில் வருவார். திண்ணையில் இருந்து தேநீர் குடிப்பார். "இது கந்தோரிலை குடுக்கிறதுக்குத்தான் அம்மா, வேறை ஒண்டுக்குமில்லை" என்பார். ஒரு தொகைப் பணம் கைமாறும். சில இடங்களிற் பணமும் இல்லை. மேட்டை வெட்டி வயலாக்கித் தருவோம், மழைநீர் தேங்க ஒரு குட்டை தோண்டித் தருவோம் என்ற வாக்குறுதியே விலையாகி விடுகின்றது.

ஈராண்டு மூவாண்டு கழிந்தபின் அதே காணிக்காரர் சட்டத்தரணியின் வாசலில் வந்து நிற்கின்றார். மேடு போயிற்று; வயல் வரவில்லை. ஆளுயரத்துக்கு மேற்பட்ட கிடங்கு இருக்கின்றது. மாரியில் அதிலே மாடு விழுகின்றது. பிள்ளை விழுந்துவிடுமோ என்று தாய் அஞ்சுகின்றாள். தன் காணி முழுவதற்கும் தான் வாங்கிய தொகை நகரத்திலே சில டிப்பர் லோட்டுக்களின் விலைதான் என்பதை அவர் இப்பொழுது அறிந்துகொண்டார். பக்கத்துக் காணிக்காரர் பொறுத்திருந்து பன்மடங்கு வாங்கினார் என்பதையும் அறிந்துகொண்டார். "கையெழுத்து வைத்துவிட்டேன், அதை மீளப் பெற வழியுண்டா?" என்பது அவருடைய கேள்வி. பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் விடை அவர் விரும்பும் விடையன்று.

கிறவலோடும் மணலோடும் இது நின்றுவிடுமாயின் ஓர் ஆசிரியத் தலையங்கம் எழுதவேண்டிய அவசியம் நமக்கு இருந்திராது. 2009 க்குப் பின்னர் ஏ9 வீதி போடப்பட்டபோதும், வீட்டுத்திட்டங்கள் எழுந்தபோதும், மண்ணும் கல்லும் மணலும் எங்கிருந்தோ வரத்தான் வேண்டும். வந்தன. ஆனால் இன்று வன்னியிடம் கேட்கப்படுவது வேறு. பூநகரியிலே சுண்ணக்கல் கேட்கப்படுகின்றது. கொக்கிளாயிலே இல்மனைற் மணல் கேட்கப்படுகின்றது. மேற்குக் கரைக்கு அப்பால் மன்னார்க் கடலின் அடியிலே இயற்கை எரிவாயு உண்டென்பது 2011 இலேயே கண்டறியப்பட்டு விட்டது. கேட்பவன் யார், கேட்கப்படும் பொருளின் பெறுமதி என்ன என்பவற்றை அறியாமலே கைச்சாத்திடும் வழக்கம் கிறவலிலே பழகிப்போனால், நாளை அதே கை அதே தாளிலே அதைவிடப் பன்மடங்கு பெரிய பொருளுக்கும் கைச்சாத்திடும். நமது கவலை இதுவே.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதை முதலிலே தெளிவாகச் சொல்லிவிடுவோம். தன் காணியின் கீழே கிடப்பதெல்லாம் தனதே என்று நம்மவர் பலர் எண்ணியிருக்கின்றனர். அன்று. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் 26 ஆம் பிரிவு, மண்ணுக்கு எவர் உரித்தாளராயிருப்பினும் கனியங்கள் குடியரசுக்கே உரியன என்று விதித்துவிட்டது. மணலும் களிமண்ணுங்கூட அச்சட்டத்தின் கண்ணிலே கனியமே. அகழ்வதற்கு அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம். அரசிறை போவது மத்திய அரசாங்கத்தின் பெட்டிக்கு. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பெற்றோலிய வளங்களுக்கென வேறு சட்டம் உண்டு. அங்கும் உரித்து அரசினுடையதே.

அப்படியாயின் காணிக்காரனிடம் எஞ்சியிருப்பது என்ன? மேற்பரப்பு இருக்கின்றது. அதன்மேல் கால்வைக்க எவனுக்கும் இடங்கொடுக்கவோ மறுக்கவோ உள்ள உரிமை இருக்கின்றது. தனியார் காணியிலே அகழ அனுமதி கேட்பவன் காணிக்காரரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் விண்ணப்பத்தோடு வைக்கவேண்டியிருப்பது அதனாலேயே. திண்ணையிலே தேநீரோடு வாங்கிச் செல்லப்படும் அத்தாள் இதுதான். கந்தோரிலே கொடுப்பதற்கு மட்டுமே என்று சொல்லப்பட்டது பொய்யன்று. கந்தோரிலே கொடுக்கப்படும் அத்தாள் இல்லாவிடின் கதவே திறவாது என்பதுதான் சொல்லப்படாமல் விடப்பட்டது. கனியம் தனதல்லாத ஒருவனிடம் எஞ்சியிருக்கும் ஒரே திறவுகோல் அவனுடைய சம்மதம். அதைச் சில ஆயிரங்களுக்கு, வாசித்தும் பாராமல், விட்டெறிகின்றோம்.

அரசாங்கம் நினைத்தால் 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் எடுத்துக்கொள்ளாதா என்று கேட்பார் உளர். எடுக்கலாம். ஆனால் அதற்குப் பொதுத்தேவை வேண்டும், 2 ஆம் பிரிவின் அறிவித்தல் வேண்டும், ஆட்சேபனை கேட்கவேண்டும், நட்டஈடு மதிக்கவேண்டும், மறுப்பவன் நீதிமன்றத்துக்குப் போகலாம். கம்பனிக்காரன் இவ்வளவையும் தாண்டுவதிலும் பார்க்க ஒரு கைச்சாத்தை வாங்குவதையே விரும்புவான் என்பதைச் சொல்லவேண்டுமா?

நம் முன்னோர் காணியை அந்நியன் கையிலே கொடுத்ததேயில்லை என்றும் எண்ணவேண்டாம். தேசவழமையிலே ஒத்தி என்ற ஒன்று உண்டு. பணமுடைப்பட்டவன் காணியை ஒத்திவைப்பான். பணங்கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாக விளைவை உண்பான். பணம் திரும்பியதும் காணி திரும்பும். பனையும் நெல்லும் அவனுக்கு. மண் எப்பொழுதும் இவனுக்கு. இந்த வழக்கிலே ஊறிய மனம், குத்தகை என்ற சொல்லைக் கேட்டதும், எத்தனை வருடமானாலும் காணி ஒருநாள் அப்படியே திரும்பிவரும் என்று நம்பிவிடுகின்றது. கனியக் குத்தகையிலே விளைவென்று ஒன்று வேறாக இல்லை. மண்ணே விளைவு. குத்தகை முடியும் நாளிலே திரும்பி வருவது உறுதியிலே எழுதியுள்ள நான்கு எல்லைகளும் அவற்றின் நடுவிலுள்ள கிடங்குமே.

இத்தகைய மனவருத்தம் வன்னியானுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கல்வியும் வழக்கறிஞரும் மலிந்த அமெரிக்க நாட்டிலேயே நேர்ந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் நிலத்தடியிலே மார்செலஸ் எனப்படும் களிப்பாறைப் படை ஒன்று கிடக்கின்றது. அதிலே எரிவாயு இருப்பதைப் பாறையியலார் நெடுங்காலமாக அறிவர். எடுக்கும் வகைதான் தெரியாதிருந்தது. 2004 இல் வாஷிங்டன் கவுண்டியிலே ஒரு கிணறு வழிகாட்டிற்று. அதன் பொருளைக் கம்பனிகள் உணர்ந்தன, பாற்பண்ணைக்காரர் உணரவில்லை. ஏக்கருக்கு 25 டொலர் முற்பணம் என்ற அளவிலே டிமொக் என்னும் ஊரிலும் அயலூர்களிலும் குத்தகைகள் எழுதப்பட்டன. 2008 அளவிலே செய்தி ஊரெங்கும் பரவியபோது அதே மாநிலத்திலே ஏக்கருக்கு ஆயிரக்கணக்கான டொலர் கேட்கவும் கொடுக்கவும் தொடங்கினர். முந்திக் கையெழுத்திட்டவர் வேலிக்கு மறுபுறத்தில் நின்று பார்த்திருக்க வேண்டியதாயிற்று.

அங்கே நம் நாட்டைப் போலன்றிக் கனியமும் நிலத்தவனுக்கே சொந்தமாகலாம். எடுப்பதில் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாது நிலத்தவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று 1979 ஆம் ஆண்டின் சட்டமும் இருந்தது. அப்படியிருந்தும் என்ன நடந்தது? கிணற்று வாயிலிருந்து சந்தைக்குக் கொண்டுபோகும் செலவைக் கழித்தபின்பே எட்டிலொன்று கணிக்கப்படும் என்று குத்தகைகள் எழுதப்பட்டிருந்தன. எட்டிலொன்று குறைந்துபோகின்றது, ஆகவே குத்தகையே செல்லாது என்று நிலத்தவர் வழக்காடினர். 2010 இல் கில்மர் வழக்கிலே அம்மாநில உயர் நீதிமன்றம் கம்பனியின் கணக்குமுறை செல்லும் என்று தீர்த்தது. சட்டத்திலே எட்டிலொன்று என்று இருந்தது. எதில் எட்டிலொன்று என்பது சொல்லப்படவில்லை. ஒரு சொல்லின் இடைவெளியால் வழிந்தோடிய பணம் எவ்வளவோ. வாயுவோ எண்ணெயோ வந்துகொண்டிருக்கும் வரை குத்தகை முடிவதில்லை என்ற வாசகமும் அக்குத்தகைகளில் வழக்கமாக உண்டு. ஐந்து வருடமென்று எண்ணிக் கையெழுத்திட்டவனின் குத்தகை அவன் பேரப்பிள்ளைக்கும் முதுசமாகும்.

கடல்கடந்த கதை எதற்கு என்போர் பாக்குநீரிணைக்கு அப்பால் நோக்கட்டும். தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலின் பெயரை 2017 இல் நம் வாசகர் எல்லோரும் கேள்விப்பட்டனர். அவ்வாண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி இந்திய மத்திய அமைச்சரவைக் குழு சிறிய எண்ணெய் எரிவாயுப் பரப்புகள் 31 ஐத் தனியாருக்கும் பிறருக்கும் ஒப்படைக்க இசைந்தது. நெடுவாசல், கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லாபரட்டரீஸ் என்ற கம்பனிக்குப் போயிற்று. மறுநாளே ஊர் திரண்டது. பந்தலின் கீழே பெண்களும் பிள்ளைகளும் கிழமைக்கணக்காக இருந்தனர். இவை செய்தித்தாளில் வந்தவை. நாம் கவனிக்க வேண்டியது அதிகம் பேசப்படாத ஒன்று. நல்லாண்டார்கொல்லை, வடகாடு, கோட்டைக்காடு, வாணக்கன்காடு ஆகிய அயலூர்களிலே பல ஆண்டுகளுக்கு முன்னரே விவசாயிகள் சிலர் இந்திய எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகத்துக்குத் தம் நிலத்துண்டுகளைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தனர். மண்ணெண்ணெய் எடுக்கப் போகின்றோம் என்று சொல்லப்பட்டதாக அவ்வூரார் பின்னர் கூறினர். மண்ணெண்ணெய் விளக்கிலே படித்தவர்களுக்கு அது நல்ல காரியமாகத்தானே தோன்றியிருக்கும்? கிணறு துளைக்கப்பட்டது, மூடப்பட்டது, நிலம் கொங்கிறீற்றோடு கிடந்தது. ஆண்டுகள் கழித்து, தாம் முகமறியாத ஒரு கம்பனியின் பெயர் பத்திரிகையில் வந்தபோதுதான், அன்று தாம் வைத்த கையெழுத்தின் நீளம் அவர்களுக்கு விளங்கிற்று.

நெடுவாசலார் வென்றனர். எப்படி வென்றனர் என்பது அறியத்தக்கது. நிலங்கள் திருப்பித் தரப்படும் என்று மாவட்ட நிர்வாகம் உறுதிகூற வேண்டி வந்தது. கழகத்தின் பெயரிலிருந்த சுரங்கக் குத்தகையைப் புதிய கம்பனியின் பெயருக்கு மாற்றிக்கொடுக்காமல் மாநில அரசு இருந்துவிட்டது. டில்லியின் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஜெம் கம்பனியால் வேலையைத் தொடங்க முடியவில்லை. ஒரு தாள் இல்லாமையால் நின்ற வேலை அது. தாளின் வலிமையை ஊர் அறியுமுன்னரே கம்பனிகள் அறிந்திருப்பதன் காரணமும் அதுவே.

ஆயினும் அவ்வெற்றி முழுமையானதன்று. 2020 பெப்ரவரியிலே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் காவிரி டெல்ராவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றிற்று. எண்ணெய், எரிவாயுத் துளைப்புகள் புதிதாகத் தொடங்குவதற்கு அது தடை. முன்னரே நடைபெற்றுவரும் வேலைகளை அது தொடாது. கதிராமங்கலத்திலே 2017 ஜூன் 30 ஆம் திகதி குழாய் உடைந்து எண்ணெய் வயலிலே பாய்ந்ததே, அதைப்போன்ற குழாய்களும் கிணறுகளும் இச்சட்டத்துக்கு முந்தியவை, அவை தொடரலாம். கைச்சாத்துக்குப் பிந்தி வந்த சட்டம் கைச்சாத்தை அழிக்கவில்லை.

காவிரிப் படுகையின் பாறைகள் வேதாரணியக் கரையோடு முடிந்துவிடவில்லை. அவை பாக்குநீரிணையின் அடியால் வந்து நம் வடமேற்குக் கரையைத் தொடுகின்றன. 1970 களின் நடுப்பகுதியிலே சோவியத் நாட்டின் துணையோடு மன்னார்த் தீவின் பேசாலையிலே எண்ணெய் தேடித் துளைத்ததை மூத்த வாசகர் மறந்திரார். அப்பொழுது வணிகத்துக்குரிய அளவிலே ஒன்றும் அகப்படவில்லை. அதன் தெற்கே மன்னார்ப் படுகையிலே, 2008 இல் ஒப்பந்தம் பெற்ற கெய்ன் லங்கா கம்பனி 2011 இல் இரு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. 2015 இல் விலகிச் சென்றது. அந்த வாயு இன்னும் கடலடியிலேதான் இருக்கின்றது. அது கடலிலே இருப்பதால் காணிக்காரனுக்கு என்ன என்று இருந்துவிட முடியாது. கடலிலே எடுத்தது கரைக்கு வரும். குழாய் வரும், தாங்கி வரும், பாதை வரும். அவையெல்லாம் யாருடைய காணியிலாவது இருக்கவேண்டும். எரிவாயு வரும்போது விழித்துக்கொள்ளலாம் என்று இருப்பவர் பென்சில்வேனியாவின் பாற்பண்ணைக்காரரை நினைத்துக்கொள்ளட்டும்.

எரிவாயு நாளைய கதை. சுண்ணக்கல் இன்றைய கதை. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவிலே பொன்னாவெளி என்றொரு பழைய கிராமம் உண்டு. சீமெந்துக்குச் சுண்ணக்கல் அகழும் திட்டத்தை எதிர்த்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு மக்கள் 2023 இலும் 2024 இலும் மாதக்கணக்காகப் போராடினர். அவர்களுடைய வாதம் எளிமையானது. அக்கரையிலே சுண்ணக்கல் வெறுங் கல்லன்று. மழைநீரை ஏந்தி வைத்திருக்கும் பாத்திரம். கடலுக்கு அண்மையிலே பாத்திரத்தை உடைத்தால் நன்னீர் போய் உவர்நீர் ஏறும். கிணற்றை நம்பி வாழும் ஊருக்கு அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காகத் தோண்டிய கிடங்குகளை யாழ்ப்பாணத்தார் அறிவர். ஆலை 1990 இலேயே நின்றுவிட்டது, கிடங்குகள் நிற்கின்றன. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசப்படும் விலையிலே அயல் கிணறுகளின் விலை சேர்ந்திருக்கின்றதா என்று பொன்னாவெளியார் கேட்டனர். கையெழுத்து ஒருவனுடையது, கிணறு ஊருடையது என்பதை அவர்கள் நமக்குக் காட்டியிருக்கின்றனர்.

முல்லைத்தீவின் தென்னெல்லைக்கு வருவோம். புல்மோட்டையிலே கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957 இல் அமைக்கப்பட்டது. அந்த மணற்படை கொக்கிளாய்க் களப்போடு நின்றுவிடவில்லை. கரையோரமாக வடக்கே வருகின்றது. அதனாலே கொக்கிளாய்க் கரைமீது கண் விழுந்தது. 1984 டிசம்பரிலே வெளியேற்றப்பட்டு, கால் நூற்றாண்டுக்குப் பின்னர் திரும்பிவந்து, தம் காணியின் எல்லைக்கல்லைப் பற்றைக்குள் தேடிக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். உறுதி எங்கே, ஒப்பம் எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவார்கள்? மன்னார்த் தீவிலோ ஓர் அவுஸ்திரேலியக் கம்பனிக்காக ஆயிரக்கணக்கான துளைகள் மணலிலே இடப்பட்டன. ஒரு துளைதானே என்று வேலியைத் திறந்துவிட்டவர்களுக்கு, அத்துளைகளின் கணக்கு கடல்கடந்த பங்குச் சந்தையிலே பணமாகியது பின்னர்தான் தெரிந்தது. 2025 ஓகஸ்டிலே மன்னார் மக்கள் காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்துத் தெருவில் இறங்கியதன் பின்னணி இது.

வன்னியிலே கைச்சாத்து மலிவாக இருப்பதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. தாளின் கலக்கம் ஒரு பெருங் காரணம். இங்குள்ள காணிகளிற் பெரும்பகுதி உறுதிக் காணியன்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பயிருக்கும் குடியிருப்புக்குமெனக் கொடுபட்ட ஒப்பக் காணி. பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அதைக் கைமாற்ற முடியாது. பெயர் கணவனுடையது, கணவன் இல்லை, ஒப்பம் 2009 இலே பதுங்குகுழியோடு போயிற்று. இவ்விதம் இருப்பவளிடம் "கையெழுத்து வை, காணி உன்னுடையதென்று இந்தத் தாளே சாட்சியாகும்" என்று சொல்லப்படுவதுண்டு என அறிகின்றோம். இதனிலும் கொடிய வஞ்சனை ஒன்றை நாம் அறியோம். உரித்தை நிலைநாட்டும் தாளென்று நம்பி, உரித்தை விட்டுக்கொடுக்கும் தாளிலே அவள் விரலை வைக்கின்றாள். அச்சமும் ஆதாரமற்றதன்று. 2025 மார்ச் 28 ஆம் திகதி வர்த்தமானி, வடமாகாணத்திலே 5,940 ஏக்கரை, அவற்றுள் முல்லைத்தீவிலே 1,703 ஏக்கரையும் கிளிநொச்சியிலே 515 ஏக்கரையும், மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் அரச காணியாக்குவதாகச் சொல்லிற்று. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கம் பின்வாங்கிற்று. ஆனால் தாளில்லாதவனின் நெஞ்சிலே ஏறிய பயம் பின்வாங்கவில்லை.

உறுதிக் காணிகளின் நிலையும் திறமானதன்று. நான்கு உடன்பிறப்புகளின் பங்குக் காணி. ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில், ஒருவர் இலண்டனில். காணியைத் துப்புரவாக்கவென்று ஊரிலிருக்கும் மச்சானுக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பியிருப்பார்கள். மச்சான் கிறவலுக்குச் சம்மதம் கொடுத்துவிடுவார். விற்பனையென்றால் தேசவழமையின் முன்கொள்வனவு உரிமை, 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டப்படி, பங்காளிக்குக் கைகொடுக்கும். குத்தகை விற்பனையன்று, அவ்வுரிமை அங்கே வராது. வெளிநாட்டிலுள்ள நம்மவர் தாம் அனுப்பிய தத்துவங்களை எடுத்து, எதற்கெல்லாம் அதிகாரம் கொடுத்தோம் என்று ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

நீதிமன்றம் என்ன பரிகாரம் தரும்? இரண்டு கதவுகள் உண்டு, இரண்டும் ஒடுக்கமானவை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெற்றுத் தாளிலே எழுதிய ஐந்துவருடக் குத்தகை குத்தகையாகச் செல்லாது. காணிக்காரனுக்கு இது ஓர் ஆயுதம், எடுத்தவர் குறைவு. ஆனால் செல்லாத அத்தாளை நம்பி அனுமதிப்பத்திரம் கொடுபட்டு, பெக்கோ இயந்திரம் இறங்கி, மண்ணும் போய்விட்டால், நீதிமன்றம் தாளைக் கிழிக்கலாமேயன்றி மண்ணைக் கொண்டுவர முடியாது. மற்றைய கதவு உரோமன் டச்சுச் சட்டத்தின் லேசியோ எனோர்மிஸ் கோட்பாடு. உண்மைப் பெறுமதியின் அரைவாசிக்கும் குறைவாக விற்றவன் விற்பனையை நீக்கக் கேட்கலாம். காணியை அறவே விற்றவர்களுக்கே இது உதவும். அங்கும் நீதிமன்றம் பார்ப்பது கைச்சாத்திட்ட நாளின் பெறுமதியை. பின்னர் கனியம் கண்டு விலை ஏறியது என்பது வழக்காகாது. வருத்தத்துக்குச் சட்டத்திலே பரிகாரம் இல்லை என்பதை நாம் ஒளிக்க விரும்பவில்லை.

இனி, நம்மை நோக்கி ஒரு கேள்வி வரும். கனியத்தை எடுக்கவே கூடாதென்கிறீர்களா? மணலின்றி வீடு கட்டமுடியுமா? வேலையற்ற இளைஞனுக்கு என்ன வழி? எடுக்கக் கூடாதென்பது நமது கொள்கையன்று. எடுக்கும் நிபந்தனையைத் தீர்மானிக்கும் இடத்திலே காணிக்காரனும் கிராமமும் இருக்கவேண்டும் என்பதே. ஒரு குடும்பம் பிள்ளையின் படிப்புக்கோ கடனுக்கோ பணம் தேவைப்பட்டுச் சம்மதம் கொடுத்தால் அதைப் பழிக்க நாம் யார்? நுண்கடன் கம்பனிகள் கிழமைதோறும் வாசலுக்கு வரும் ஊரிலே, பொறுத்திரு என்று புத்தி சொல்வது இலேசு. பழிக்கத்தக்கவர் வேறு. அகழ்வு நடக்கும் இடங்களிலே படம் பிடித்துக்கொண்டு, மறுநாள் அதே டிப்பர் முதலாளியின் பந்தியிலே உண்ணும் பிரதிநிதிகள் நம் பக்கத்திலும் உண்டு. மாகாணத்துக்குக் காணி அதிகாரம் வேண்டும் என்று 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தைச் சுட்டிப் பேசுவது நியாயமே, நாமும் பேசுகின்றோம். தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை என்பது கொழும்பின் குற்றம். ஆனால் பிரதேச சபையின் கையிலேயே இருக்கும் அதிகாரத்தைக் கொண்டு ஒரு பதிவேடு திறப்பதற்கு எந்த ஆணைக்குழு தடையாயிருக்கின்றது?

நாம் கேட்பது இதுவே. வன்னியின் ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குள் கொடுபட்ட அகழ்வுச் சம்மதங்களின் பதிவேடு ஒன்றை வைக்கட்டும். காணி எங்கே, கனியம் எது, எத்தனை அடி ஆழம், எத்தனை மாதம், என்ன தொகை என்பன எவரும் பார்க்கத்தக்கதாக இருக்கட்டும். பக்கத்து ஊரிலே என்ன விலை என்பதை அறியாதவனிடமே மலிவு விலை பேச முடியும். புவிச்சரிதவியல் பணியகம், தமிழிலே எழுதி, பிரதேச செயலகத்திலே வாசித்துக் காட்டப்பட்டு, காணிக்காரர் கையில் ஒரு பிரதி கொடுபடாத எந்தச் சம்மதத்தையும் ஏற்கலாகாது. அகழ்ந்த நிலத்தைச் சீராக்க வாங்கும் வைப்புப் பணம், கிடங்கு மூடப்பட்டதென்று காணிக்காரரும் எழுதிக்கொடுத்த பின்னரே திருப்பிக் கொடுபடவேண்டும். அரசிறையிலே ஒரு பங்கு, மண் போன கிராமத்துக்கு வரவேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவை. வன்னித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர்களும், கிளிநொச்சி மக்களின் வாக்கையும் பெற்ற யாழ்ப்பாணத் தொகுதி உறுப்பினர்களும் கட்சி பேதமின்றி ஒரு தனியார் பிரேரணையாயினும் கொண்டுவரட்டும். அது தோற்றாலும் யார் எதிர்த்தார் என்பது பதியப்படும்.

இன்னும் கைச்சாத்திடாதவர்கள் தனியே இடவேண்டாம். ஒரே மணற்படை பத்துக் காணிகளின் கீழே கிடக்குமாயின் பத்துப் பேரும் ஒருமிக்கப் பேசினால் விலை ஒன்று. பத்துத் திண்ணையிலே பத்துத் தேநீர் குடித்துப் பேசினால் விலை வேறு. ஆழம், காலம், மூடவேண்டிய கடமை, வேறொரு கம்பனிக்குக் கைமாற்றக் கூடாதென்ற தடை ஆகியன எழுதப்படாத தாள் எதுவாயினும் அதைத் திருப்பி அனுப்பிவிடலாம். நெடுவாசலாரைப் பிடித்தது அக்கைமாற்றமே என்பதை மறவாதிருப்போமாக. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்க்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

ஏற்கெனவே கைச்சாத்திட்டவர்கள் முதலிலே செய்யவேண்டியது, தாம் எதிலே கைச்சாத்திட்டோம் என்பதை அறிவது. அவர்களிற் பெரும்பாலோரிடம் பிரதியே இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தம் காணி தொடர்பாகப் பணியகத்திலே உள்ள சம்மதக் கடிதத்தினதும் அனுமதிப்பத்திரத்தினதும் பிரதிகளைக் கேட்டு எவரும் எழுதலாம். தமிழிலே எழுதலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை, பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.